இழுப்பு என்று சொன்னேன்

அந்த ஊதுகுழாயை வைத்து என் வீட்டுக்காரர் செய்த கேலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாவது முறை நான் முழுகாமல் இருந்தபோது, திண்டுக்கல்லில் நான் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் மாதாமாதம் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கையில் கொடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே மூச்சில் ஊதச் சொல்வார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு சிவப்பு முள் நகர்ந்து போய் நிற்கும். எதுவரை போனது என்று குறித்துக்கொள்வார்கள். "ஒனக்குப் பிரசவம் பாக்குறாகளா, இல்ல நாதஸ்வரம் கத்துக் குடுக்காகளா?" என்று அவர் கேட்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். வயிற்றுப் பிள்ளையின் மூச்சை என் மூச்சை வைத்துப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லி வைத்திருந்தேன். படித்தவர்கள் ஒன்று செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்பிய காலம். தொண்ணூறுகளின் பிற்பாதி.

காரணம் இருக்கத்தான் செய்தது. அது என்ன என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு கால், ஒரு கொம்பு விட்டுப்போனாலும் தாளை உருவி எடுத்துக் கிழித்துவிட்டு, மறுபடி அடிக்கச் சொல்வேன். வீட்டுக்கு மூத்தவள் என்ற திமிர் வேறு. எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு தம்பிகளையும் அதட்டியே வளர்த்தவள் நான். அம்மாகூட என்னிடம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பாள்.

முதல் பிரசவத்தைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது. வளைகாப்பு போட்டு என்னை ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஒன்பதாம் மாதத்தில் ஒரு மத்தியானம் தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. நினைவில் இருப்பது அவ்வளவுதான். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நாக்கு கடிபட்டுப் புண்ணாகியிருந்தது. வயிறு காலியாக இருந்தது. ஆண் பிள்ளையாம், மூச்சில்லாமல் பிறந்ததாம். நான் கண் விழிப்பதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போன ஒரு வேனை மறித்து, கூடைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு, என்னை ஏற்றித் திண்டுக்கல்லுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"இழுப்பு வந்துருச்சு தாயி. யாரு கேட்டாலும் இழுப்புன்னு சொல்லு. வேற பேச்சு வேணாம்."

வேறு பேச்சு என்றால் என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் படுத்திருப்பவளுக்குச் சொல்லாராய்ச்சியா தோன்றும்? பிரசவத்தில் சிலருக்குக் கையும் காலும் இழுத்துக்கொள்ளும் போலிருக்கிறது, எனக்கு அப்படி இழுத்துக்கொண்டது என்று எடுத்துக்கொண்டேன். என் மாமியாரிடமும் அம்மா அதே சொல்லைத்தான் சொன்னாள். மாமியார் தலையை ஆட்டிக்கொண்டார்.

வலிப்பு என்பது எங்களுக்கு வேறு. பஸ் ஸ்டாண்டில் திடீரென்று ஒருவர் விழுந்து துடிப்பார், வாயில் நுரை தள்ளும், கூட்டம் கூடும், யாராவது ஓடிவந்து ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் சாவிக்குப் பஞ்சமில்லை. அதுதான் வலிப்பு. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு அது இருப்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்து, சீர்ப் பாத்திரங்களோடு சேர்த்து அவளையும் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. அதனால் அதை என்னோடு சேர்த்துப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது, பிரசவம் திண்டுக்கல்லிலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தோம். முதல் பிள்ளையைப் பறிகொடுத்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வேறொன்றுக்குப் போனோம். போன முதல் நாளே ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பருத்திச் சேலை, கையில் அட்டை, அட்டையில் கேள்வித்தாள். மெட்ராஸ் பக்கத்துப் பெண். கர்ப்பத்தில் பெண்களுக்கு என்னென்ன கோளாறு வருகிறது, அதனால் பிறக்கும் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று வெளியூர் டாக்டர்கள் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள், உங்களுக்குச் சம்மதமா அக்கா என்று மரியாதையாகக் கேட்டாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். இந்தப் பிள்ளையை எப்படியாவது உயிரோடு கையில் வாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. கூடுதலாக நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்றால் கசக்குமா? சம்மதம் என்றேன்.

அவள் கேட்டதும் நான் சொன்னதும் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"உங்களுக்கு வலிப்பு வந்ததுண்டா அக்கா?"

"ஐயய்யோ, இல்ல." கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"இழுப்பு?"

"அது வந்திருக்கு. போன பிரசவத்துல."

"ரொம்பக் கடுமையா?"

"நெனப்பே தப்பிப் போச்சுன்னா பாத்துக்கங்களேன்."

"அடப்பாவமே. அதுக்கு முன்னாடி, பின்னாடி?"

"இல்ல. அப்ப மட்டுந்தான்."

"உங்க அம்மாவுக்கு, கூடப்பிறந்தவங்களுக்கு?"

"எங்க வம்சத்துலயே கிடையாது."

அவள் கரிசனத்தோடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நானும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு எழுந்து போனேன். அடுத்த முறையிலிருந்து எனக்குக் குழாய் வந்துவிட்டது. கூடவே ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். மூச்சு வாங்கினால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. வயிற்றைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவளுக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? இன்ஸ்டிட்யூட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றைப் போட்டுக்கொள்வேன். போட்டால் நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், தலை வலிக்கும். அடுத்த முறை போனபோது சொன்னேன். "அந்த மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க" என்றார்.

இந்தப் பக்கத்துக் கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு இழுப்பு இருப்பது அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். பஞ்சு மில் தூசியாக இருக்கலாம், தோல் பதனிடும் ஷாப்புக் காற்றாக இருக்கலாம், புகையிலையாக இருக்கலாம் என்று என் தலைக்கு மேலேயே பேசிக்கொள்வார்கள். ஊரில் இருக்கிற தொழிலை எல்லாம் சந்தேகப்பட்டார்கள், பிரியாணியை மட்டும்தான் விட்டுவைத்தார்கள். பிரஷர் ஒவ்வொரு தடவையும் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

எட்டாம் மாதத்தில் அம்மா வந்து என்னோடு தங்கினாள். வந்த நாளிலிருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது, முகமும் கொஞ்சம் உப்பியிருந்தது. "தலை வலிக்குதா தாயி?" என்று கேட்பாள். செத்த நேரம் கழித்து மறுபடியும் கேட்பாள். காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள், துணி காயப்போட்டுக்கொண்டே கேட்பாள்.

ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "வலிக்கத்தான்மா செய்யுது. அது மாத்திரையால வர்ற வலி. டாக்டரே சொல்லிட்டாக. சும்மா நொச்சு நொச்சுனு கேக்காத."

அம்மா பெருமூச்சு விட்டாள். "டாக்டரு சொன்னாகளா? அப்ப சரி. அம்புட்டும் மாத்திரையாலதானா?" என்றவள் அதன்பிறகு கேட்கவே இல்லை. அவள் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பகீர் என்கிறது.

அதற்கு அடுத்த சில நாட்களில்தான் நடந்தது. இன்ஸ்டிட்யூட்டில் காலையிலிருந்தே தலைவலி. ஒரு பெண் பிள்ளை அடித்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு வரியிலும் பாதியைக் காணோம். எனக்கு வந்ததே கோபம். "பாதி வரியை முழுங்கிட்டு வந்து நிக்குறியே, என்ன லட்சணம் இது?" என்று கத்தினேன். அந்தப் பிள்ளை மிரண்டுபோய், "மிஸ், முழுசா அடிச்சிருக்கேன் மிஸ்" என்றாள். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் முகத்திலும் பாதியைக் காணோம். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது வயிற்றில் தையல் இழுத்தது. வாயில் ரத்தச் சுவை. இதே சுவையோடு ஒருமுறை விழித்தவள் நான். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் முடிந்துபோனதாகவே தோன்றிவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை?" என்றேன்.

"பொண்ணு. இருக்கா."

"இருக்கான்னா?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக. ரொம்பச் சின்னதா இருக்கா. ரெண்டு நாள் போகட்டும்னு சொல்றாக."

முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். வலது உள்ளங்கையில் கன்றிப்போய் ஒரு தடம். வட்டமாக ஒரு முனை, நீளமாக ஒரு தண்டு, கடைசியில் பல் பல்லாக. பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்ஸ்டிட்யூட் கதவுப் பூட்டின் சாவி அது. தினமும் நான் திறக்கிற பூட்டு.

"இது ஏங்க என் கையில?"

"நீ விழுந்ததும் ஓனர் ஐயா சாவிய எடுத்து ஒன் கையில திணிச்சிட்டாரு. நீ பிடிச்ச பிடிய இங்க வந்துதான் நர்சம்மா பிரிச்சு எடுத்தாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவியை எதற்குக் கையில் கொடுப்பார்கள் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "எனக்கா? எனக்கா வலிப்பு?" என்று அலறினேன். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "மெல்லப் பேசுடி. நாலு பேரு காதுல விழுகப் போகுது."

அந்தச் சமயம் பார்த்து டாக்டரம்மாவும் ஆராய்ச்சிப் பெண்ணும் உள்ளே வந்தார்கள். டாக்டரம்மா அம்மாவைப் பார்த்து, "இவங்களுக்கு முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்கம்மா. போன பிரசவத்துல இழுப்புதான் வந்துச்சு."

"அது எனக்குத் தெரியும் மேடம். ஆஸ்துமா" என்றாள் அந்தப் பெண்.

"அதென்னமோ அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. கண்ணு மேல சொருகிக்கிச்சு. வாயில நொரை தள்ளுச்சு. இழுப்புன்னா இழுப்புதான்."

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்துக் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஊரில் இழுப்பு என்றால் மூச்சிழுப்பு. எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் வலிப்பு என்று சொல்ல வாய் வராதவர்கள் சொல்லும் சொல். ஒரே சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இத்தனை மாதம் ஒருவருக்கொருவர் தலையாட்டியிருக்கிறோம்.

"அப்ப அந்தக் குழாய்?" என்று கேட்டேன். "அந்த மாத்திரை?"

டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னார். சில பேருக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பிரஷர் திடீரென்று ஏறும். கால் வீங்கும், தலை வலிக்கும், பார்வை மங்கும், அப்புறம் வலிப்பு வரும். முதல் பிரசவத்தில் வந்தவர்களுக்கு மறுபடி வரவும் வாய்ப்பு உண்டு. தெரிந்திருந்தால் வாரம் தவறாமல் வரச் சொல்லியிருப்போம், தலை வலிக்கிறது என்றதுமே படுக்கவைத்து ஊசி போட்டிருப்போம். "கடைசியில நாங்களே உங்க தலைவலிக்கு ஒரு சாக்கு சொல்லிக் கொடுத்துட்டோம்" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. என் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், ஒரு பாழாய்ப்போன சொல்லால் கிடக்கிறாள் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் கத்தினேன். தையல் பிய்ந்துவிடும் என்று நர்ஸ் வந்து அடக்கினாள்.

ஆராய்ச்சிப் பெண் அன்று மத்தியானமே கிளம்பிவிட்டாளாம். இழுப்பு என்று சொன்ன ஒவ்வொரு பெண்ணையும் வீடு வீடாகப் போய் மறுபடி கேட்கப் போனாள். ஆத்தூர் பக்கத்தில் ஒருத்தியை ஆட்டோவில் ஏற்றி அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள் என்று நர்ஸ் சொன்னாள். அந்தப் பெண்ணும் அதே குழாயை ஊதியவள்தானாம்.

மகள் பிழைப்பாளா என்று தெரியாத அந்த நாட்களை விவரிக்க என்னால் ஆகாது. தள்ளாடித் தள்ளாடிப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பாதம். மூச்சு விடும்போது விலா எலும்பு தெரியும். என் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால், மூக்கு வழியாகப் போகும் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மாமியார் தினமும் வந்து நின்று பார்ப்பார். அம்மா மட்டும் அந்த அறை வாசலைத் தாண்டவே மாட்டாள். எனக்கு அது இன்னும் கோபம். சொந்தப் பேத்தியைப் பார்க்க மனம் வராத பொம்பளையா என்று அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு காலையில் மகள் தானே உறிஞ்சிக் குடிக்கத் தொடங்கினாள். "இனிமே பயமில்லை" என்று டாக்டரம்மா என் மடியில் கொடுத்தார். அழுதேன், சிரித்தேன், என்ன செய்தேன் என்றே தெரியவில்லை. சுற்றி எல்லோரும் இருந்தார்கள். அப்போதுதான் ஆராய்ச்சிப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். வெயிலில் அலைந்து கறுத்திருந்தாள்.

"அக்கா, முதல்லேருந்து மறுபடி கேக்கணும். பரவாயில்லையா?"

"கேளு" என்றேன்.

"கை கால் வெட்டி இழுக்குற வலிப்பு உங்களுக்கு வந்ததுண்டா?"

அம்மா பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினாள். மாமியார் எதிரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன். "உண்டு. வலிப்புதான். ரெண்டு பிரசவத்துலயும்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமியார் அசரவே இல்லை. "இதுக்கு ஏன் மதினி இம்புட்டுப் பதறுறீக? மொதத் தடவையே அந்தத் தக்காளி வேன்காரன் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். நீங்க சங்கடப்படுவீகன்னு நான் வாயத் தெறக்கல."

இவரிடம் மறைக்கத்தான் அந்தச் சொல். இவருக்கோ முதல் நாளே தெரியும். ஒருவருக்கொருவர் பார்த்த மரியாதையில் என் மகள் போயிருப்பாள்.

அந்தப் பெண் அடுத்த கேள்விக்கு வந்தாள். "உங்க அம்மாவுக்கு?"

"இல்ல. போன தடவையே சொன்னேனே."

"எழுதிக்க தாயி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மா. "எனக்கும் வந்துச்சு. ரெண்டு தடவை."

திரும்பிப் பார்த்தேன். "தம்பிகளைப் பெத்தப்பவா?"

"அவனுகளைப் பெத்தப்ப ஒண்ணும் வரல. ஒன்னையப் பெத்தப்ப வந்துச்சு. ஒனக்கு முன்னாடி ஒருத்தனைப் பெத்தப்ப வந்துச்சு. அவன் தங்கல. நீ ரெண்டாவது."

வீட்டுக்கு மூத்தவள் என்று இத்தனை வருடம் நான் அடித்த சவடாலெல்லாம் அங்கேயே நின்றுபோனது. எனக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். என் மகனைப் போலவே அவனும் போயிருக்கிறான். என் காலைப் பார்த்துப் பார்த்து இவள் தலை வலிக்குதா, தலை வலிக்குதா என்று கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் தெரிந்து கேட்டிருக்கிறாள். சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மடியில் பிள்ளை இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

அம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். முதல்முறையாகப் பேத்தியின் காலைத் தொட்டாள்.

"இவ பெரியவளாகி, வயித்துல ஒண்ணு நின்னா, மொத வேலையா இவகிட்டச் சொல்லிருடி" என்றாள். "இழுப்பு கிழுப்புன்னு சொல்லாத. வலிப்புன்னே சொல்லு."

அந்தச் சொல்லை அம்மா வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.